கோப்பு பேச வேண்டும்: அரசுப் பணி நியமனங்களும் நீதிப்புனராய்வின் எல்லையும்

1. கேள்வி

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பதிகம் பெற்ற சிவன் கோயிலால் அறியப்பட்ட ஊர். தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்தையும் போலவே இங்கும் அரசு என்பது முதலில் சில ஆட்களாகத்தான் கண்ணில் படுகிறது: கிராம நிர்வாக அலுவலர், கிராம உதவியாளர், ஊராட்சிச் செயலாளர், சத்துணவு அமைப்பாளர், அங்கன்வாடிப் பணியாளர், நியாயவிலைக் கடை விற்பனையாளர். அடங்கல் பதிவேட்டில் என்ன பயிர் ஏறுகிறது, பட்டா மாறுதல் மனு எவ்வளவு விரைவாக நகர்கிறது, வெள்ளம் வடிந்த பிறகு யாருடைய நிலம் சேதக் கணக்கில் வருகிறது என்பவையெல்லாம் இவர்களைச் சார்ந்தவை. ஆகவே இந்த நாற்காலிகளில் யார் உட்காருகிறார், எப்படி வந்து உட்கார்ந்தார் என்பது ஊரே அக்கறை கொள்ளும் கேள்வி.

ஒரு நியமனம் முறைகேடானது என்று கருதுபவர் அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பின்படி உயர்நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுத் தாக்கல் செய்யலாம். அங்கே நீதிப்புனராய்வில் நீதிமன்றம் எதைச் சோதிக்கிறது? தேர்வானவரின் தகுதியையா, தேர்ந்தெடுத்தவரின் நோக்கத்தையா, தேர்ந்தெடுத்த முறையையா? பொதுவாக இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. நீதிமன்றம் போனால் வேலை கிடைத்துவிடும் என்பது ஒன்று. அரசு வைத்ததுதான் சட்டம், நீதிமன்றம் போய்ப் பயனில்லை என்பது மற்றொன்று. கடந்த எழுபதாண்டுத் தீர்ப்புகள் இரண்டையும் ஆதரிக்கவில்லை. நீதிமன்றம் ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்ந்தெடுத்த முறையைச் சோதிக்கிறது. அந்தச் சோதனையும் எழுத்தில் பதிவான காரணம் இருக்கும் இடத்தில்தான் முழுமையாக நடக்கிறது. இதுவே இக்கட்டுரை முன்வைக்கும் வாதம். அதற்குச் சான்றாகக் கிராமக் கணக்கு எழுதும் பதவியின் வரலாற்றை முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். சோழர் கால உத்திரமேரூர் முதல் இன்றைய தேர்வாணையம் வரை அந்தப் பதவியின் தடத்தைப் பின்தொடர முடிகிறது.

2. உத்திரமேரூர்: தகுதி, விலக்கு, கணக்கு

உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் உள்ள, சோழ மன்னன் முதற்பராந்தகன் காலத்துச் சாசனங்கள் இரண்டு. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டிலும் (பொ.ஆ. 919) மற்றொன்று 14ஆம் ஆட்சியாண்டிலும் (பொ.ஆ. 921) வெட்டப்பட்டவை. கல்வெட்டறிஞர் வெங்கையா அவற்றை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி 1932இல் வெளியிட்ட சோழர் ஆட்சி குறித்த ஆய்வு நூலில் உத்திரமேரூரை விரிவாக ஆராய்ந்தார். அன்றுமுதல் இந்தச் சாசனத்தை இரண்டு விதமாக வாசித்துவருகிறார்கள். ஒரு தரப்பு இதை ஜனநாயகத் தேர்தலின் தாய் என்கிறது. மறுதரப்பு இது பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபைக்கு மட்டுமே உரிய ஏற்பாடு என்றும், சாதாரண ஊர்களின் ஆட்சிக்கு இதை மாதிரியாகக் கொள்ள முடியாது என்றும் சொல்கிறது. இரண்டாவது வாசிப்பே சாசனத்தின் சொற்களோடு பொருந்துகிறது. இறை செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, வேத ஞானம், 35க்கு மேல் 70க்குள் வயது ஆகியவற்றை 921ஆம் ஆண்டு விதி தகுதியாகக் கேட்கிறது. நிலமற்றவருக்கும் பெண்ணுக்கும் பிற சாதியாருக்கும் அங்கே இடமில்லை.

ஆனால் நம் கேள்விக்கு வேண்டியது வேறொரு பகுதி. முன்பு வாரியத்தில் (சபையின் செயற்குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடவோலையில் எழுதக்கூடாது என்கிறது சாசனம். அதோடு நிற்காமல் அவருடைய உறவினர்களையும் வரிசையாக விலக்குகிறது. தாயின் உடன்பிறந்த சகோதரிகளின் மக்கள், அத்தை, மாமன், மாமனார், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், சகோதரியின் மகன், மருமகன், தகப்பன், மகன் எனப் பட்டியல் நீள்கிறது. மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. குலுக்கல் முறையும் இதே எச்சரிக்கையோடு அமைக்கப்பட்டிருக்கிறது. முப்பது குடும்புகளிலும் (ஊர்ப் பிரிவுகளிலும்) பெயர் எழுதிய ஓலைகளைக் கட்டிக் குடத்தில் இடுகிறார்கள். சபை முழுவதும் கூடியிருக்க, எதுவும் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்கிறான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் ஏந்தி வாசிக்கிறான். பிறகு அங்கே அமர்ந்திருக்கும் நம்பிமார் (கோயில் பூசகர்) எல்லாரும் அதே ஓலையை வாசிக்கிறார்கள். விரலிடுக்கில் ஓலையை மாற்றுவதற்கு வழியே இல்லை.

இந்த முறைக்குத் திறமையாளரைக் கண்டெடுக்கும் நோக்கமில்லை. தகுதி வரம்புக்குள் வந்த எல்லாரையும் சமமாக வைத்து, வேண்டியவரை நுழைக்கும் வாய்ப்பை மட்டும் அடைக்கிறது. பதவிக்காலம் 360 நாள். அதற்குள் குற்றம் கண்டால் நீக்கம். ஆனால் விலக்கப்பட்டவர் முறையிட்டுத் தீர்வு பெறத் தனி மன்றம் எதையும் சாசனம் குறிப்பிடவில்லை. அரசனின் ஆணையோடு வந்த அதிகாரி முன்னிலையில் சபை விதி செய்தது. விதியைச் செய்தவர்களே அதன் காவலர்கள். இன்றைய நீதிப்புனராய்வின் அடிப்படை, விதி செய்தவரும் விதியைச் சோதிப்பவரும் வேறுவேறாக இருப்பது. அந்தப் பிரிவினை உத்திரமேரூரில் இல்லை. ஆகவே சாசனத்தை இன்றைய முறையின் முன்னோடி எனச் சொல்லலாகாது. நியமனத்தில் உறவுமுறை நுழையும் ஆபத்தை அவர்கள் உணர்ந்து எழுதிவைத்திருந்தார்கள் என்பதே அதிலிருந்து நாம் பெறக்கூடிய உறுதியான செய்தி.

3. வாரிசுப் பதவியும் 1960ஆம் ஆண்டுத் தீர்ப்பும்

உத்திரமேரூர் விலக்கிய உறவுமுறையையே காலனியச் சட்டம் தகுதியாக்கியது. 1895ஆம் ஆண்டின் சென்னை வம்சபரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் கர்ணம், மணியக்காரர் அல்லது கிராம முன்சீப் போன்ற பதவிகளைக் குடும்பச் சொத்தாக நடத்தியது. பதவி காலியானால் மூத்த வாரிசு வழியில் அது இறங்கும். வாரிசு சிறுவனாக இருந்தால் அவன் பெயரைப் பதிவுசெய்து, அவன் வளரும்வரை வேறொருவர் பொறுப்பில் பார்ப்பார். ஊர்க் கணக்கை அறிந்தவன் கணக்கன் மகனே என்ற நடைமுறை அறிவு இதற்குப் பின்னால் இருந்தது உண்மை. நில அளவு, புல எண், யாருக்கு எதில் பங்கு என்ற விவரங்கள் எல்லாம் அந்த வீட்டுப் பெட்டியில்தான் இருந்தன. அறிவு குடும்பத்தோடு இருந்ததால் அதிகாரமும் அங்கேயே தங்கியது. அதிகாரம் அங்கே தங்கியதால் அந்த அறிவு வெளியே வரவுமில்லை.

அரசியலமைப்பு வந்தபின் இந்தச் சட்டத்தைச் சோதித்தது ஆந்திரத்தின் தெனாலிப் பகுதியின் ஒரு சிற்றூர் வழக்கு. கிராமங்கள் மாற்றி அமைக்கப்பட்டதால் புதிய முன்சீப் பதவி ஒன்று உருவானது. காசுல தசரதராம ராவ் அதற்குத் தேர்வானார். முந்தைய முன்சீப்பின் குடும்பத்தைச் சேர்ந்தவர் சட்டத்தின் 6(1) பிரிவைக் காட்டிப் பதவியைக் கேட்டார். வருவாய்த்துறை மேலதிகாரிகள் அவர் பக்கம் நின்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஊர் முன்சீப் பதவி குடும்பச் சொத்தல்ல, அரசின் கீழுள்ள பதவி; எனவே அரசு வேலையில் சம வாய்ப்பை உறுதிசெய்யும் 16ஆம் உறுப்பு அதற்கும் பொருந்தும்; வம்சாவளியை மட்டும் காரணமாக்கி ஒருவரை முன்னிறுத்துவது செல்லாது என்று 1960 டிசம்பரில் அரசியலமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது.

பழக்கத்தால் நிலைபெற்ற ஒரு தகுதியை நீதிமன்றம் நீக்கியது இத்தீர்ப்பின் முக்கியத்துவம். ஆனால் அந்த இடத்தில் எந்தத் தகுதியை வைப்பது என்று அது சொல்லவில்லை. சொல்வது அதன் வேலையுமல்ல. அந்த வேலையைச் சட்டமன்றம் செய்தது. 1968இல் தமிழ்நாடு வம்சபரம்பரைக் கிராமப் பதவிச் சட்டங்களை நீக்கியது; 1970இல் கிராம அலுவலர்களுக்கான பணி விதிகள் வந்தன. இதே வரிசையில் கோயிலையும் வைத்துப் பார்க்கலாம். அர்ச்சகர் நியமனத்தில் வம்சபரம்பரை உரிமையை ஒழித்த சட்டத் திருத்தத்தை 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அர்ச்சகரின் பூசை சமயம் சார்ந்தது, அவரை நியமிப்பது சமயச் சடங்கல்ல என்பது அங்கே வகுக்கப்பட்ட வேறுபாடு. ஆகமக் கோயில்களில் அந்த வேறுபாட்டை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்ற வாதம் 2015, 2022, 2023 தீர்ப்புகள் வரை தொடர்கிறது. பாடல்பெற்ற தலமான மாகறலுக்கும் அது அந்நியமான வாதமல்ல.

4. ஒரே இரவில் போன பதவிகள்: 1980

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் பிறப்பித்துப் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. நவம்பர் 14 முதல் மாநிலம் முழுவதும் 20,000க்கும் மேற்பட்ட கர்ணங்களும் மணியக்காரர்களும் பதவி இழந்தார்கள். அவர்களில் வாரிசாக வந்தவர்களும் இருந்தார்கள். 1970க்குப் பிந்தைய விதிகளின்படி நியமனமானவர்களும் இருந்தார்கள். பின்னர் இது 1981ஆம் ஆண்டின் 3ஆம் சட்டமாயிற்று. அவர்களின் இடத்தில் முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார்.

கே. ராஜேந்திரன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் இதைச் சோதித்த உச்ச நீதிமன்றம் 1982இல் சட்டத்தை ஏற்றது. ஒரு பதவியை ஒழிப்பது அரசின் கொள்கை முடிவு. அது நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டால், பதவியில் இருந்தவரைத் தண்டித்து நீக்கியதாகாது. எனவே 311ஆம் உறுப்பு தரும் விசாரணைப் பாதுகாப்பு இங்கே எழவில்லை என்பது தீர்ப்பின் சாரம். கல்வித் தகுதி உள்ள பழைய அலுவலர்களைக் குழு அமைத்துப் பரிசீலிப்பதாக அரசு தந்த உறுதியையும் நீதிமன்றம் பதிவுசெய்துகொண்டது.

இந்தத் தீர்ப்பை 1960ஆம் ஆண்டுத் தீர்ப்போடு சேர்த்துப் படிக்க வேண்டும். முதலாவதில் நீதிமன்றம் அரசின் விதியைத் தள்ளியது. இரண்டாவதில் அரசின் முடிவை விட்டுவைத்தது. முரண்போலத் தோன்றினாலும் இரண்டிலும் அளவுகோல் ஒன்றே. குடிமக்களைப் பிறப்பால் பிரிக்கும் விதி சமத்துவத்தை மீறுகிறது, அதை நீதிமன்றம் தொடும். எந்தப் பதவி வேண்டும், எது வேண்டாம் என்பது ஆட்சியாளரின் தெரிவு, அதன் அறிவுடைமையை நீதிமன்றம் எடைபோடாது. 1970 விதிகளின்படி முறையாக வந்த இளைஞர் ஒருவருக்கு இந்த வேறுபாடு ஆறுதல் தந்திருக்காது. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனாலும் பதவி போயிற்று. நீதிப்புனராய்வு தனிமனித நியாயம் அனைத்துக்கும் விடை தரும் கருவியல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

5. தேர்வாணையத்தின் மேல் நீதிமன்றம்

சென்னை மாகாணத்தில் 1929இலேயே பணித் தேர்வாணையம் ஏற்பட்டது. இந்திய மாகாணங்களில் அதுவே முதல். இன்று கிராம நிர்வாக அலுவலர் பணிக்கும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமே ஆள் எடுக்கிறது. 2018 பிப்ரவரித் தேர்விலிருந்து அப்பணி குரூப் 4 தேர்வோடு சேர்ந்துவிட்டது. தேர்வாணையம் தொடர்பான மூன்று நிகழ்வுகள் நீதிமன்றத்தின் போக்கைக் காட்டுகின்றன.

முதலாவது, 1951 ஏப்ரல் 9இல் வந்த வெங்கடரமணா வழக்கு. அதே நாளில் வந்த செண்பகம் துரைராஜன் தீர்ப்பு கல்லூரி இடம் பற்றியது. அதன் விளைவாக அரசியலமைப்பே திருத்தப்பட்டது. அதனால் அரசு வேலை பற்றிய வெங்கடரமணா வழக்கு பெரும்பாலும் மறக்கப்படுகிறது. 1949 டிசம்பரில் மாவட்ட முன்சீப் பதவிகளுக்கு விண்ணப்பம் கோரப்பட்டது. 83 இடங்களை வகுப்புவாரி ஆணைப்படி பகுத்திருந்தார்கள்: அரிசனர் 19, முஸ்லிம் 5, கிறித்தவர் 6, பிற்பட்ட இந்துக்கள் 10, பிராமணரல்லாத இந்துக்கள் 32, பிராமணர் 11. அரிசனருக்கும் பிற்பட்ட இந்துக்களுக்கும் ஒதுக்கியதை, இட ஒதுக்கீட்டை அனுமதிக்கும் 16(4) காக்கும். எஞ்சிய பகிர்வு செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். வழக்குத் தொடுத்தவருக்கு அது பதவி வழங்கவில்லை. அவருடைய விண்ணப்பத்தை வகுப்புவாரிச் சுழற்சி முறை இல்லாமல் தகுதி அடிப்படையில் பரிசீலிக்குமாறு மட்டும் ஆணையிட்டது. இட ஒதுக்கீட்டின் வரலாறு பிறகு வேறு திசையில் நகர்ந்தது. ஆனால் நீதிமன்றம் தரக்கூடிய தீர்வின் அளவு அன்று வகுத்தபடியே இன்றும் நிற்கிறது: மறுபரிசீலனைக்கு ஆணை, நியமன ஆணை அல்ல.

இரண்டாவது, 2000–01ஆம் ஆண்டுக் குரூப் 1 தேர்வு. விடைத்தாள்களில் பல வண்ண எழுதுகோல்களைப் பயன்படுத்தியது போன்ற விதிமீறல்களைக் காட்டி வழக்கு எழுந்தது. 83 பேரின் தேர்வைச் சென்னை உயர்நீதிமன்றம் 2011 மார்ச்சில் ரத்துசெய்தது. 2014 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதன் பிறகும் மறுசீராய்வு மனுக்கள் வந்தன. தேர்வானவர்கள் பத்தாண்டுக்கு மேல் பணியாற்றிப் பதவி உயர்வும் கண்ட பிறகு வந்த தீர்ப்பு அது. மறுபுறம், அன்று வாய்ப்பிழந்தவர்களின் வயது வரம்பு எப்போதோ கடந்துவிட்டிருந்தது. இரு தரப்புக்கும் காலம் திரும்பி வராது. பணி வழக்குகளுக்கென்று 1988இல் அமைந்த தமிழ்நாடு நிர்வாகத் தீர்ப்பாயம் 2006இல் கலைக்கப்பட்டு, அதன் சுமையும் உயர்நீதிமன்றத்தின் மேல் வந்து சேர்ந்தது என்பதை இந்தக் கால நீட்சியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தேர்வாணையத்தின் உறுப்பினர்களையே தேர்ந்தெடுத்த முறை பற்றியது. 2016 ஜனவரி 31 தேதியிட்ட ஆணையால் அரசு 11 உறுப்பினர்களை நியமித்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. அந்த ஆண்டு டிசம்பர் 22இல் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி ஆர். மகாதேவன் அமர்வு அந்த நியமனங்களை ரத்துசெய்தது. அரசியலமைப்பின் 316ஆம் உறுப்பு தேர்வாணைய உறுப்பினருக்கு விரிவான தகுதிகளை வரையறுக்கவில்லை. ஆகவே அரசின் விருப்பமே போதும் என்று வாதிட இடமிருந்தது. பஞ்சாப் தேர்வாணையத் தலைவர் நியமனத்தைப் பற்றிய சலில் சப்லோக் வழக்கில் 2013இலேயே உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லியிருந்தது: விதி இல்லை என்பதற்காக ஆய்ந்து தேரும் கடமை இல்லாமல் போய்விடாது. சென்னை அமர்வு அந்த வழியைப் பின்பற்றியது. பரந்து தேடியதற்கும் ஒப்பிட்டுக் கலந்து ஆலோசித்ததற்கும் கோப்பில் தடயம் இல்லை என்பதே நியமனங்களைச் சாய்த்தது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் புதிதாகத் தேர்வு நடத்தும் வழியையே அரசுக்கு விட்டது.

6. எதைத் தொடும், எதைத் தொடாது

இந்த வழக்குகளின் பின்னணியில் உள்ள கோட்பாட்டைச் சுருக்கமாக வரிசைப்படுத்தலாம்.

நீதிமன்றம் தொடுபவை: அடிப்படைத் தகுதி இல்லாதவர் பதவி வகிப்பது; விளம்பரம் இல்லாமல் எடுப்பது; தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே அளவுகோலை மாற்றுவது; பொருத்தமான ஆவணத்தைப் பார்க்காமல் விடுவது; உள்நோக்கம். ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றலாகாது என்பதை 2008இல் மஞ்சுஸ்ரீ வழக்கு சொன்னது. 2024 நவம்பரில் தேஜ் பிரகாஷ் பாதக் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதிப்படுத்தியது. ஆவணத்தைப் பார்க்காமல் விட்டதற்கு 2011 மார்ச்சில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக பி.ஜே. தாமஸ் நியமிக்கப்பட்டது ரத்தானதைச் சான்றாகக் காட்டலாம்.

நீதிமன்றம் தொடாதவை: தகுதியுள்ள இருவரில் யார் மேல் என்ற ஒப்பீடு, விடைத்தாளுக்கு மதிப்பெண் இடுவது, எத்தனை பதவி வேண்டும் என்ற முடிவு. விடைக்குறிப்பு ஐயத்துக்கு இடமின்றித் தவறு என்று காட்டினால் மட்டுமே தலையிடலாம் என்பது 1983இன் கான்பூர் பல்கலைக்கழக வழக்கிலிருந்து வரும் நிலை. தேர்வுப் பட்டியலில் பெயர் வந்தாலே வேலை உரிமையாகிவிடாது என்று 1991இல் சங்கர்சன் தாஷ் வழக்கு முடிவுகட்டியது. ஆனால் காரணமின்றிப் பட்டியலைக் கிடப்பில் போடும் உரிமையும் அரசுக்கு இல்லை என்று அதே தீர்ப்பு சேர்த்துச் சொன்னது.

உள்நோக்கத்தைப் பொறுத்தவரை தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே நாடு முழுவதும் மேற்கோளாகிறது. தலைமைச் செயலாளர் பதவியிலிருந்து மாற்றப்பட்ட இ.பி. ராயப்பா, முதலமைச்சர் மு. கருணாநிதியின் மேல் உள்நோக்கம் கற்பித்துத் தொடுத்த வழக்கு அது. தன்னிச்சையான முடிவு எதுவும் சமத்துவத்துக்குப் பகை என்ற கோட்பாட்டை நீதிபதி பகவதி அதில் வகுத்தார். வழக்கோ தள்ளுபடியானது, குற்றச்சாட்டை மெய்ப்பிக்கும் பாரம் கனமானது, அது மெய்ப்பிக்கப்படவில்லை என்பது முடிவு. கோட்பாட்டை வென்று வழக்கை இழந்தவர் ராயப்பா. மனத்தில் இருந்ததை நிரூபிப்பது கடினம், கோப்பில் இல்லாததைக் காட்டுவது எளிது என்பதைப் பிற்கால வழக்குரைஞர்கள் இதிலிருந்து கற்றார்கள். உள்நோக்கத்தைவிட முறைக்குறைவே இன்று நியமன வழக்குகளின் முதன்மையான வாதமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இதற்குத் துணைநிற்பது 1977இன் மொஹிந்தர் சிங் கில் தீர்ப்பு. ஓர் ஆணையை அதில் எழுதியுள்ள காரணத்தைக் கொண்டே மதிப்பிட வேண்டும். வழக்கு வந்தபின் பதில் மனுவில் புதுக் காரணம் சேர்த்து அதைத் தூக்கி நிறுத்த முடியாது. நியமன வழக்குகளில் இந்த ஒரு விதி பல அரசாணைகளின் கதையை முடித்திருக்கிறது.

இந்த வாதத்துக்கு ஒரு மறுப்பு உண்டு. முறையை மட்டும் சோதித்தால், காகிதத்தில் முறையைச் சரியாகக் காட்டிவிட்டு உள்ளே வேண்டியதைச் செய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டுப் பிறகு கூட்டக் குறிப்பு எழுதும் வழக்கம் அரசு அலுவலகங்களில் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பொய்க் குறிப்புக்கும் கையெழுத்திட ஆள் வேண்டும், தேதி வேண்டும், அது மற்ற ஆவணங்களோடு முரண்படாதிருக்க வேண்டும். குறிப்பே இல்லாதபோது இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பதிவு முறைகேட்டை ஒழிக்காது. முறைகேடு செய்பவரைச் சாட்சி விட்டுச்செல்ல வைக்கும்.

2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வையும் மேற்கு வங்க ஆசிரியர் நியமனத்தையும் அருகருகே வைத்தால் இது விளங்கும். குரூப் 4இல் ராமநாதபுரம் மாவட்டத்தின் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்த மோசடி வெளிப்பட்டதும், 99 பேரைத் தேர்வாணையம் வாழ்நாள் முழுவதும் தடைசெய்து மற்றவர்களின் தரவரிசையைக் காத்தது. கறையையும் கறைபடாததையும் பிரிக்க ஆவணம் இருந்தது. மேற்கு வங்கத்தில் விடைத்தாள்களின் மூலமோ பிரதியோ காக்கப்படவில்லை. பிரிக்க வழியில்லாததால் 2025 ஏப்ரல் 3இல் சுமார் 25,000 நியமனங்கள் மொத்தமாக ரத்தானதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. நேர்மையாகத் தேர்வெழுதி ஆசிரியரானவரும் வேலை இழந்தார். ஆவணத்தை அழித்தவரின் குற்றத்துக்கு அவர் விலை கொடுத்தார்.

7. தேர்வாணையம் எட்டாத இடம்

மாகறலுக்குத் திரும்பினால், முதலில் சொன்ன பணிகளில் கிராம நிர்வாக அலுவலர் மட்டுமே தேர்வாணையத்தின் வழியாக வருகிறார். மற்றவை வட்ட, ஒன்றிய, மாவட்ட அளவில் முடிவாகின்றன. கிராம உதவியாளரை நியமிப்பவர் வட்டாட்சியர். நியாயவிலைக் கடை விற்பனையாளரை எடுப்பது மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம். சத்துணவு, அங்கன்வாடிப் பணிகளில் நேர்காணலே முடிவுசெய்கிறது. ஊதியம் குறைவு, ஆனால் உள்ளூரிலேயே கிடைக்கும் வேலை என்பதால், குறிப்பாகக் கைம்பெண்களுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும், இவை வாழ்வாதாரம்.

இங்கே நீதிப்புனராய்வு பலவீனமாக இருப்பதற்கு மூன்று காரணங்கள். முதலாவது, நேர்காணல். எழுத்துத் தேர்வில் மதிப்பெண் இருக்கிறது, விடைத்தாள் இருக்கிறது. 2011இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்குக்குப் பிறகு, தன் விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பார்க்கும் உரிமையும் தேர்வருக்கு இருக்கிறது. நேர்காணலில் எஞ்சுவது ஒரு மதிப்பெண் மட்டுமே, சில நேரங்களில் அதுவுமில்லை. 1985இல் அசோக் குமார் யாதவ் வழக்கில் நேர்காணலின் பங்கைச் சுமார் 12 விழுக்காட்டுக்குள் அடக்க உச்ச நீதிமன்றம் முயன்றது இந்த ஆபத்தை அறிந்தே. நேர்காணல் மட்டுமே தேர்வாக இருக்கும் பணிகளை அந்த அளவுகோல் தீண்டவில்லை.

இரண்டாவது, அறிவிப்பு. ஒரு காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பே கிராமத்து இளைஞரின் நம்பிக்கை. அந்தப் பட்டியலோடு நின்றுவிடாமல் பொது விளம்பரமும் செய்ய வேண்டும் என்று 1996இல் விஸ்வேஸ்வர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தகவல் பலகையில் ஒரு தாள் ஒட்டியதும் விளம்பரமா என்பது ஊரில் தொடர்ந்து எழும் சச்சரவு. விளம்பரமில்லாமல் தற்காலிகமாக வந்தவர் எத்தனை ஆண்டு உழைத்தாலும் அதனாலேயே நிரந்தரமாக முடியாது என்று 2006இன் உமாதேவி தீர்ப்பு சொல்கிறது. முறையில்லாமல் ஆள் எடுத்தவர் அதிகாரி. அதன் விளைவைச் சுமப்பவர் எடுக்கப்பட்டவர். இந்த ஏற்றத்தாழ்வை அந்தத் தீர்ப்பு முழுமையாகச் சரிசெய்யவில்லை என்பது என் கணிப்பு.

மூன்றாவது, தொலைவும் செலவும். மாகறலில் இருப்பவர் நீதிப்பேராணை மனுவைச் சென்னையில் உள்ள உயர்நீதிமன்றத்தில்தான் போட முடியும். சத்துணவு சமையல் உதவியாளர் வேலை கிடைக்காத ஒருவர் அந்த வேலையின் பல மாத ஊதியத்தை வழக்குக்குச் செலவழிக்க மாட்டார். வழக்கு எழாத இடத்தில் தீர்ப்பும் எழாது. தீர்ப்பு எழாத இடத்தில் நடைமுறையே சட்டமாகிவிடுகிறது.

வாரிசுரிமை முற்றாகப் போய்விடவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். பணியில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கருணை அடிப்படையில் தரும் வேலை சமத்துவ விதிக்கு நீதிமன்றம் அனுமதித்த விலக்கு. 1994இல் உமேஷ் குமார் நாக்பால் வழக்கு அதன் நோக்கத்தைக் குறுக்கியது: திடீரென வருமானம் இழந்த குடும்பத்தைத் தாங்குவது மட்டுமே நோக்கம், பதவி சொத்தாக இறங்குவதில்லை. 1895ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இன்றைய கருணை நியமனத்துக்கும் இடையே உள்ள கோடு இதுதான். பல ஆண்டுகள் கழித்து, குடும்பம் ஓரளவு நிமிர்ந்த பின்பும் கேட்கப்படும் கருணை வேலை அந்தக் கோட்டை அழிக்கப் பார்க்கிறது.

8. முடிவு

மேலே கண்ட சான்றுகள் மூன்று முடிவுகளைத் தருகின்றன. பிறப்பால் வரும் பதவியை அகற்றியதில் நீதிமன்றத்தின் பங்கு உறுதியானது. ஆனால் அதன் இடத்தில் நல்ல முறையை அமைத்தது சட்டமன்றமும் நிர்வாகமுமே. நியமனம் தவறு என்று நீதிமன்றம் சொல்லலாம். சரியான ஆள் யார் என்று சொல்லாது, சொல்லவும் கூடாது. இவற்றைவிட முக்கியமானது மூன்றாவது: எழுத்தில் பதிவான அளவுகோலும் காரணமும் இருந்த இடத்தில் புனராய்வு கூர்மையாகச் செயல்பட்டது. அவை இல்லாத இடத்தில் ஒன்று செயலிழந்தது, அல்லது கண்மூடி எல்லாரையும் வெட்டியது.

ஆகவே சீர்திருத்தம் நீதிமன்றத்தில் தொடங்க வேண்டியதில்லை. வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஒன்றிய அலுவலகத்திலும் தொடங்கலாம். உள்ளூர்ப் பணி ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் பகிர்வை விண்ணப்பம் கோரும் நாளிலேயே வெளியிட வேண்டும். நேர்காணலில் ஒவ்வொருவருக்கும் ஏன் இவ்வளவு என்று ஓரிரு வரி எழுத வேண்டும். தேர்வுப் பட்டியலையும் தேர்வாகாதவர்களின் மதிப்பெண்ணையும் ஊராட்சித் தகவல் பலகையில் ஒட்ட வேண்டும். ஆவணங்களை வழக்குக் காலம் முடியும்வரை காக்க வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். அந்த ஆணை வரும்வரை, வேலை கிடைக்காத விண்ணப்பதாரர்கள் முதலில் கேட்க வேண்டியது வழக்குரைஞரை அல்ல. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் தங்கள் மதிப்பெண்ணையும் தேர்வுக் குழுவின் கூட்டக் குறிப்பையும்.